அன்னம்மா தூள்

“பைக்கற்றில அம்மாவின்ரை பேரைப் போடுங்கோ.”

கிருசாந்தி கேட்டேவிட்டாள். எந்தக் காலத்திலும் கேட்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே அவளை வளர்த்திருந்தார்கள். அம்மா கெஞ்சிச் சொன்னாள். அப்பா கம்பித் தொழிற்சாலையில் வேலை முடித்து வந்து, குனிந்து சப்பாத்தைக் கழற்றியபடியே உறுக்கிச் சொன்னார். சிறீதரன் கைகொடுத்திராவிட்டால் நாங்கள் இன்னும் அகதி விடுதியில்தான் கிடந்திருப்போம். அந்த மனிசனிடம் என்னத்தையும் கேள், கறித்தூளைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே.

சிறீதரன் காசு மேசைக்குப் பின்னால் நின்று, அச்சகத்திலிருந்து வந்த புது லேபிளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெர்மனியின் ஹம் நகரத்தில் முதன்முதலாகத் தமிழ்க் கடை போட்டவர். அறுபதைத் தொடுகிற வயது, சலவை மடிப்புக் குலையாத சேர்ட், வெள்ளிக்கிழமையென்றால் நெற்றி நிறையத் திருநீறு. அன்று வெள்ளிக்கிழமை.

“ஆற்றை பேரை?” என்றார், லேபிளிலிருந்து கண்ணை எடுக்காமலே.

“அம்மாவின்ரை. கமலநாயகி எண்டு. வறுக்கிறது அவ, இடிச்சு அரிக்கிறது அவ. பிறகு என்னத்துக்கு மாமா அன்னம்மா?”

லேபிளில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் மூக்குத்தி போட்ட ஒரு வயதான அம்மாள், அவளுடைய தலைக்கு மேல் ஒரு பனைமரம். சுற்றிவர ‘அன்னம்மா யாழ்ப்பாணத் தூள்’ என்று தமிழிலும் ஜெர்மனிலும் எழுதியிருந்தது. அன்னம்மா, சிறீதரனைப் பெற்றவள். செத்துப் பல வருடமாகிறது.

சிறீதரன் சிரித்தார். “உன்ரை கொம்மாவின்ரை பேரைப் போட்டால், நாளைக்கு மிளகாய்ச் சாக்கு இறக்கினவன்ரை பேரையும் போடச் சொல்லுவாய். பிள்ளை, நீ படிச்சனியெல்லே. அன்னம்மா எண்டால்தான் சனத்துக்கு ஊர் ஞாபகம் வரும். ஊர் ஞாபகம் வந்தால்தான் சனம் வாங்கும். உதுகள் உங்கட யூனிவர்சிற்றியில சொல்லித் தரேல்லையோ?”

“உங்கட அம்மா எப்பவாவது தூள் வறுத்தவவோ?”

பின்பக்கத்தில் நிலம் துடைத்துக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது. அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. ஒருநாள் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, ஏதோ நல்ல மனநிலையில் அம்மாதான் வாய்விட்டுச் சிரித்துச் சொன்னாள்: அன்னம்மா மாமி வீட்டில் தூள் வறுத்ததெல்லாம் கூலிக்கு வந்த பெண்டுகள், மாமிக்கு வறுக்கிற தாச்சி சுடும் என்பதே தெரியாது. சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டு, உதை வெளியில கதைச்சுப் போடாதை பிள்ளை என்றும் சொன்னாள். கிருசாந்தி இவ்வளவு காலமும் கதைக்கவில்லை. இப்போது பாதியைக் கதைத்துவிட்டாள்.

சிறீதரன் லேபிளைக் கீழே வைத்தார். சிரிப்பு போய்விட்டது.

“உன்னை இண்டைக்குக் கூப்பிட்டது டொச்சில கதைக்க. தமிழில கதைக்க இல்லை.”

அது உண்மைதான், ஜெர்மனில் பேசத்தான் அவளைக் கூப்பிட்டிருந்தார். நகரசபை ஒரு பிரசாரம் தொடங்கியிருந்தது. நம் ஊர்க் கடையில் வாங்குங்கள், பெரிய கம்பனிகளுக்குக் காசைக் கொட்டாதீர்கள், சொந்தக்காரரே நின்று நடத்துகிற சின்னக் கடைகளைக் காப்பாற்றுங்கள் என்று. அதற்காக உள்ளூர்ப் பத்திரிகை வாரம் ஒரு கடையைப் பற்றி எழுதியது. வெதுப்பகம், சைக்கிள் கடை, பூக்கடை எல்லாம் முடிந்து, இந்த வாரம் வெளிநாட்டுக்காரர் கடையொன்றும் இருந்தால் அழகாக இருக்கும் என்று யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும். சிறீதரனுக்கு வாழ்வு வந்தது மாதிரி. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வியட்நாம்காரர் ஒருவர் பெரிய ஆசியக் கடை திறந்த நாளிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை. காசு மேசைக்குப் பின்னால் பெரிதாக ஒரு மட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தார்: ‘எங்கட காசு எங்கட கடையில’. வருகிற போகிற எல்லோருக்கும் அதையே வாயாலும் ஓதினார். வியட்நாம்காரனிட்ட அரிசி வாங்கிறவன் தமிழனே இல்லை என்றார். அங்கே பை தூக்கிக்கொண்டு வெளியே வந்தவர்களின் பெயர்கள் அவருக்கு மனப்பாடம்.

இருபது வருடம் ஜெர்மனியில் இருந்தும் அவருடைய ஜெர்மன், விலை சொல்லவும் பெட்டி இறக்கவும் மட்டும் காணும். பத்திரிகைக்காரிக்கு வாழ்க்கை வரலாறு சொல்லக் காணாது. ஆகவே கமலநாயகியின் மகளைக் கூப்பிடு, அவள் படித்தவள். உணவு விஞ்ஞானம் படித்துப் பட்டம் வாங்கி, மூன்ஸ்டரில் ஆய்வுகூடத்தில் வேலை. அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் அவள்தான். பட்டம் கிடைத்த அன்று இதே கடையில் வைத்து ஒரு பெட்டி லட்டு கொடுத்து, எங்கட பிள்ளை, எங்கட கடையில வளந்த பிள்ளை என்று ஊருக்கெல்லாம் சொன்னவரும் சிறீதரன்தான்.

கடையில் வளர்ந்தது பொய்யில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பின்சமையலறையில் எண்ணெய் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்துதான் வீட்டுப்பாடம் செய்தாள். மல்லி வேறாக, மிளகாய் வேறாக, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம் வேறுவேறாக அம்மா வறுத்து இறக்குவாள். கடைசியில் கருவேப்பிலை. அம்மா நேரம் பார்ப்பதில்லை, மணத்தைப் பார்ப்பாள். கிருசாந்தியின் கொப்பி, தலைமயிர், ஜக்கெட் எல்லாம் தூள் மணக்கும். வகுப்பில் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு மேசைக்குப் போயிருக்கிறாள். அந்தத் தூளுக்கென்றே சோஸ்டிலிருந்தும் டோர்ட்முண்டிலிருந்தும் கார் எடுத்துக்கொண்டு சனம் வந்தது. பைக்கற்றில் என்ன எழுதியிருந்தாலும் சனம் கேட்டது ஒன்றுதான்: கமலாக்காவின்ரை தூள் இருக்கோ?

இருந்தது. அதுதான் கிருசாந்திக்கு உள்ளே வந்ததிலிருந்து உறுத்திக்கொண்டிருந்தது. சுவர்த் தட்டில் வரிசையாகப் பைக்கற்றுகள், ஒரு இடம்கூட வெறுமையாக இல்லை. அம்மா தாச்சியைத் தொட்டு மூன்று கிழமைக்கு மேலாகிறது. யாழ்ப்பாணத்தில் பெரியப்பா இறந்துபோனார், அப்பாவுக்கு மூத்தவர். தொலைபேசி வந்த நிமிடத்திலிருந்து வீட்டில் துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தொன்றாம் நாள் சடங்கு கழியும்வரை கோயிலுக்குப் போவதில்லை, மற்றவர்கள் சாப்பிடுகிற தூளில் கைவைப்பதுமில்லை என்று அம்மா உறுதியாக நின்றாள். கோயில் அன்னதானத்துக்கு இந்தத் தூள்தான் போவதால் அதில் அவளுக்கு இன்னும் பயம். கடைக்கு வந்து நிலம் துடைத்தாள், பெட்டி அடுக்கினாள். அடுப்புப் பக்கமோ தூள் அடுக்கிய தட்டுப் பக்கமோ போகவில்லை.

கிருசாந்திக்கு இந்தத் துடக்கு விஷயமே பிடிக்காது. “செத்தது யாழ்ப்பாணத்தில. துடக்கு எப்பிடியம்மா ஹம்முக்கு வந்தது? பிளேனிலயோ?” என்று சண்டை பிடித்திருக்கிறாள். “கதைக்காதை” என்று அம்மா அதட்டினாள்.

“இவ்வளவு தூளும் எங்கால?” என்று இப்போது அவள் வாயெடுக்க, வாசல் மணி அடித்தது.

பத்திரிகைக்காரி உள்ளே வந்தாள். திருமதி பிரிங்க்மன், கழுத்தில் கமெரா, முகம் நிறைய ஆவல். உலகக் கிண்ணக் காலம் என்பதால் கார்க் கண்ணாடியெல்லாம் கறுப்பு சிவப்பு மஞ்சள் கொடிதான். சிறீதரனும் ஒரு கொடி வாங்கிப் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் குத்தியிருந்தார். அவள் முதலில் அதைத்தான் படமெடுத்தாள். பிறகு பலாப்பழத் தகரங்களை. பிறகு கிருசாந்தியோடு இரண்டு வசனம் பேசிவிட்டு, நீங்கள் எவ்வளவு அழகாக ஜெர்மன் பேசுகிறீர்கள் என்றாள்.

“நீங்களும்தான்” என்றாள் கிருசாந்தி.

திருமதி பிரிங்க்மன் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தாள். சிறீதரனும் ஏனென்று தெரியாமல் கூடச் சிரித்தார்.

பேட்டி தொடங்கியது. பெரிய கடைகளோடு எப்படித் தாக்குப்பிடிக்கிறீர்கள் என்பது முதல் கேள்வி.

“இஞ்ச ஆரும் வேலைக்காரர் இல்லையெண்டு சொல்லு” என்றார் சிறீதரன். “எல்லாரும் ஒரு குடும்பம். எங்கட சனம் எங்களை வாழவைக்குது, நாங்கள் எங்கட சனத்தை வாழவைக்கிறம். அப்பிடியே சொல்லு, ஒண்டையும் விடாதை.”

“அவர் சொல்கிறார், இங்கே யாரும் வேலைக்காரர் இல்லை. அவர் சொல்கிறார், எல்லோரும் ஒரு குடும்பம்.” ஆய்வுகூட அறிக்கை வாசிக்கிற குரலில் கிருசாந்தி ஜெர்மனில் சொல்லிக்கொண்டு போனாள். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் ஒரு ‘அவர் சொல்கிறார்’. பத்திரிகைக்காரி கவனிக்கவில்லை. சிறீதரன் கவனித்தார். அந்த அளவுக்கு அவருக்கு ஜெர்மன் தெரியும்.

உங்கள் கடையின் தனிச்சிறப்பு என்ன?

சிறீதரன் தட்டிலிருந்து ஒரு பைக்கற்றை எடுத்து, புது லேபிளை அதன்மேல் வைத்துப் பிடித்துக் காட்டினார். “இது என்ரை அம்மாவின்ரை கைப்பக்குவம். பரம்பரை பரம்பரையா வாறது. சின்னனில அவவுக்குப் பக்கத்தில நிண்டு நான் பழகினது. அவ இல்லை, ஆனால் அவவின்ரை தூள் இருக்கு. இதைச் சொல்லேக்கை கொஞ்சம் உணர்ச்சியாச் சொல்லு பிள்ளை.”

கிருசாந்தி பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள். அம்மா துடைப்பத்தைப் பிடித்தபடி பின்சமையலறை வாசற்படியில் நின்றாள். சொல்லு என்று தலையை ஆட்டினாள். கண்ணாலும் கெஞ்சினாள்.

கிருசாந்தி சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை, உணர்ச்சியும் போடவில்லை. பொய்யை இவ்வளவு சுத்தமாக மொழிபெயர்க்க முடிகிறதே என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது. திருமதி பிரிங்க்மன் தலையைச் சரித்து, ஆ என்று உருகி, எழுதிக்கொண்டாள்.

“அந்தப் பெண்மணி யார்?” என்று வாசற்படியைக் காட்டிக் கேட்டாள்.

“அவ உதவிக்கு நிக்கிறவ” என்றார் சிறீதரன்.

ஒரு நிமிடத்துக்கு முன்னால் இங்கே வேலைக்காரர் யாரும் இல்லை. கிருசாந்தி அதையும் மொழிபெயர்த்தாள்.

படத்தில் ஒரு பெண் இருந்தால் நல்லது, இன்னும் நிறமான உடுப்பு இருந்தால் இன்னும் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றாள் பத்திரிகைக்காரி. சிறீதரன் கைகாட்டி அழைத்தார். “கமலா, ஏப்ரனைக் கழட்டிப் போட்டு வா. இதைப் பிடிச்சுக்கொண்டு எனக்குப் பக்கத்தில நில்.”

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பைக்கற்றை வாங்கினாள். வாங்கியவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். நிறம் செக்கச்சிவப்பு. அவளுடைய தூள் மரப்பட்டை நிறம். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள், பொலித்தீனுக்கு வெளியிலேயே. கிருசாந்தி அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது.

“அண்ணை, இது…”

“சிரி கமலா.”

அம்மா சிரித்தாள். கமெரா மூன்று நான்கு தரம் கிளிக் என்றது. தான் வறுக்காத தூளை, தன் பெயரில்லாத பைக்கற்றை, நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அம்மா பல் தெரியச் சிரித்தாள்.

அந்த நேரத்தில்தான் குமுதினி வந்தாள்.

கோயில் அன்னதானச் சமையலுக்கு நின்று பொறுப்பெடுக்கிற பெண். சத்தமாகக் கதைப்பாள், நேரே கதைப்பாள். பத்திரிகைக்காரியைப் பார்த்து ‘ஹலோ’ என்றுவிட்டு, கைப்பையிலிருந்து திறந்த பைக்கற் ஒன்றை எடுத்துக் காசு மேசையில் வைத்தாள்.

“கமலாக்கா, உங்களைத் தேடித்தான் வந்தனான்.”

“என்ன பிள்ளை?”

“போன கிழமை கோயில் சமையலுக்கு எடுத்த தூள். கத்தரிக்காய்க் குழம்பு வாயில வைக்க ஏலாது, அப்பிடிக் கசப்பு. அதை விடுங்கோ, ஆருக்கும் ஒருநாள் கை தவறும். எனக்கு ஒண்டுதான் தெரியவேணும்.” அவளுடைய குரல் தணிந்தது. தணிந்த பிறகுதான் கோபம் வெளியில் தெரிந்தது. “உங்கட வீட்டில துடக்கெல்லே? துடக்கோட வறுத்ததைக் கோயிலுக்குக் குடுத்தனியளோ அக்கா? உங்களிட்ட நான் உதை எதிர்பாக்கேல்லை.”

அம்மாவின் கையில் பைக்கற் அப்படியே இருந்தது. “நான் வறுக்கேல்லை பிள்ளை. சத்தியமா நான் தாச்சி தொடேல்லை.”

“அப்ப இது எங்கால வந்தது? வானத்தால விழுந்ததோ? கமலாக்காவின்ரை தூள் எண்டு கேட்டுத்தான் எடுத்தது. ஓமெண்டுதான் தந்தவர்.”

மூன்று பேரும் சிறீதரனைப் பார்த்தார்கள். பத்திரிகைக்காரி நாலாவதாகப் பார்த்தாள், என்ன நடக்கிறதென்று தெரியாத ஒரு புன்னகையோடு.

ஒரு வசனம் போதும். அந்தத் தூள் கமலா வறுத்ததில்லை, நான் வேறு இடத்தில் எடுத்தது. அவ்வளவுதான். கொஞ்ச நேரம் வெட்கமாக இருக்கும், குமுதினி நாலு வார்த்தை திட்டுவாள், பிறகு எல்லாம் தணிந்துவிடும். கிருசாந்தி அந்த வசனத்துக்காக உண்மையிலேயே காத்திருந்தாள். எவ்வளவு கோபத்திலும் இந்த மனிதனிடத்தில் அந்தளவுக்காவது எதிர்பார்த்தாள்.

சிறீதரன் தொண்டையைச் செருமினார். “குமுதினி, பேப்பர்க்காறர் நிக்கினம். உதைப் பிறகு கதைப்பம். கமலாவும் பாவம், செத்தவீட்டுக் கவலை. மறந்துபோய் வறுத்திருப்பா.”

மறந்துபோய் வறுத்திருப்பா.

குமுதினி அம்மாவைப் பார்த்த பார்வையைக் கிருசாந்தி பார்த்தாள். இந்த ஒரு பார்வை போதும், கோயில் தேர்த் திருவிழாவுக்கு முன்னம் கதை ஊர் முழுக்கப் போய்விடும். கமலாக்கா துடக்கோடு கோயிலுக்குத் தூள் கொடுத்தவ. இனி எல்லா வீட்டிலும் அம்மாவின் கையால் ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடிக்க யோசிப்பார்கள். தூள் நன்றாயிருந்த இத்தனை வருடமும் பைக்கற்றில் போட இடமில்லாமல் போன பெயர், தூள் கெட்டுப்போன அன்று மட்டும் எல்லோர் வாயிலும் தெளிவாக இருந்தது.

துடக்கை அவள் நம்பவில்லைதான். இப்போதும் நம்பவில்லை. ஆனால் அம்மா நம்பினாள். இன்று காலையிலும் அம்மா கடை அடுப்படியைத் தாண்டிப் போகும்போது சேலைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு போனதை அவள் பார்த்திருந்தாள்.

“மாமா,” என்றாள். “ஒரு வசனம் சொல்லுங்கோ. கமலா வறுக்கேல்லை எண்டு.”

“நீ உன்ரை வேலையைப் பார். டொச்சைக் கதை.”

“ஓம். டொச்சிலேயே கதைக்கிறன்.”

அவள் திருமதி பிரிங்க்மன் பக்கம் திரும்பினாள். “நான் மொழிபெயர்த்ததில் சில திருத்தங்கள் இருக்கின்றன,” என்று ஜெர்மனில் தொடங்கினாள். “அவர் சொன்னதாக நான் சொன்னவை எல்லாம் அவர் சொன்னவைதான். ஆனால் உண்மை வேறு. இந்தக் கடையின் பெயர்போன தூளை வருடக்கணக்காக வறுப்பது அவருடைய தாயார் இல்லை. நீங்கள் இப்போது படமெடுத்த பெண். அவருடைய பெயர் கமலநாயகி புவனேந்திரன். எழுத்துக் கூட்டித் தருகிறேன். இரண்டாவது, அந்தப் பெண்ணின் கையில் நீங்கள் படமெடுத்த பைக்கற்றில் இருப்பது அந்தத் தூள் இல்லை. வீட்டில் சாவு விழுந்ததால் அவர் மூன்று கிழமையாக வறுக்கவில்லை. அது எங்கிருந்து வந்ததென்று இவரைக் கேளுங்கள். விலை சொல்லுகிற அளவுக்கு இவருக்கு ஜெர்மன் தெரியும்.”

பிறகு அதையே குமுதினிக்குத் தமிழில் சொன்னாள், இன்னும் சுருக்கமாக.

பத்திரிகைக்காரியின் பேனா பாதியில் நின்றது. நம் ஊர்க் கடை என்ற தலைப்புக்குக் கீழே இதை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு குடும்ப விஷயத்துக்கு நடுவில் வந்துவிட்டேன் போலிருக்கிறது, இன்னொரு நாள் சந்திக்க டெர்மின் போடுவோமா என்று முணுமுணுத்து, கமெராவை மூடி, முதுகைக் கதவுப் பக்கம் வைத்தே மெல்ல நகர்ந்து வெளியேறினாள். வாசல் மணி அடித்தது.

“நாசமாக்கிப் போட்டாய்” என்றார் சிறீதரன். கத்தவில்லை. அது கத்தியதைவிடக் கேவலமாக இருந்தது. “தேர் வருது. அவ துடக்கெண்டு ஒதுங்கிட்டா. தட்டை வெறுமையாப் போட்டு, சனத்தை வியட்நாம்காரனிட்ட அனுப்பச் சொல்லுறியோ? ரொட்டர்டாமில ஒரு சாக்கு எடுத்துப் போட்டன். ஆர் போடேல்லை? ஒரு தமிழன்ரை கடை நிமிந்து நிக்கிறது உங்களுக்குப் பொறுக்காது. வெள்ளைக்காறிக்கு முன்னால துணியை உரிஞ்சு போட்டாய். எங்கட கடையை நாங்களே காப்பாத்தாட்டி ஆர் காப்பாத்துறது?”

“எங்கட கடை எண்டால் அதில அம்மா எங்கை?”

“அகதி விடுதியில வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போனது ஆர்? வீடு எடுக்கக் கையெழுத்து வைச்சது ஆர்? நன்றி கெட்டதுகள்.”

“அதுக்குத்தான் இவ்வளவு காலமும் வாயைப் பொத்திக்கொண்டு வறுத்தவ. இன்னும் எவ்வளவு காலத்துக்கு?”

குமுதினி மேசையிலிருந்த பைக்கற்றை எடுத்து மணந்து பார்த்தாள். “சாக்குத் தூளைக் கோயிலுக்குத் தந்திருக்கிறியள் அண்ணை” என்றாள். “தந்ததுமில்லாமல் பழியை அவவிலை போட்டியள்.” அம்மாவிடம் ஏதோ சொல்லப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள். பைக்கற்றைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டு, “எனக்குத் தெரியாதக்கா” என்று மட்டும் சொல்லிப் போனாள். அவளைத் தடுக்கச் சிறீதரன் இரண்டடி எடுத்து வைத்தார். மணி மறுபடி அடித்துவிட்டது.

அவர் திரும்பி வந்தபோது முகம் வேறாக இருந்தது. “கமலா, உன்ரை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. நாளையிலயிருந்து வரத் தேவையில்லை.”

கிருசாந்தி எதிர்பார்த்ததுதான். அம்மா இப்போது கையிலிருந்த பைக்கற்றைத் தூக்கி எறிந்துவிட்டுத் தன்னோடு வருவாள் என்றும் எங்கேயோ ஒரு மூலையில் எதிர்பார்த்தாள். இருபத்தைந்து வயதிலும் அப்படியொரு முட்டாள்தனம்.

“அண்ணை, பிள்ளை விளங்காமல் கதைச்சிட்டாள்” என்றாள் அம்மா. “நீங்கள் மனசில வைச்சிருக்காதையுங்கோ. முப்பத்தொண்டு கழிய நான் வந்து வறுத்துத் தாறன்.”

“அம்மா.”

அம்மா திரும்பினாள். அவளுடைய கண்ணில் நன்றி இல்லை. கோபம் இருந்தது, அதுவும் சிறீதரன் மேல் இல்லை.

“உன்னை ஆர் கேட்டது? நான் கேட்டனானோ? உனக்குப் படிப்பு இருக்கு, மூன்ஸ்டரில மேசை இருக்கு, கதிரை இருக்கு. கதைச்சுப் போட்டு ரெயின் ஏறிப் போயிடுவாய். எனக்கு இந்தக் கடைதான் இருந்தது. இதுக்குள்ளதான் ஆக்கள் என்னை அக்கா எண்டு கூப்பிட்டவை.”

“அவர் உங்களைத் துடக்குக்காறியாக்கிக் கோயில் சனத்துக்கு முன்னால விட்டவர் அம்மா.”

“தெரியும். எனக்குக் காதில்லையோ? அதை நான் விழுங்கியிருப்பன். எவ்வளத்தை விழுங்கினனான், இது என்ன பெரிசே.”

சிறீதரன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு லேபிள்களை அடுக்கினார். ஒவ்வொரு அன்னம்மாவாக, மூலை மூலையோடு பொருந்தும்படி. வெல்கிறவனுடைய அமைதி அவரிடம் திரும்பி வந்துகொண்டிருந்தது. கமலா எங்கேயும் போகமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். இரண்டு நாள் கழித்து, பெருந்தன்மையாகக் கூப்பிடுவார். அவளும் வருவாள்.

கிருசாந்தி அம்மாவைத் தாண்டிப் பின்பக்கம் போனாள். அடுப்பின்மேல் கவிழ்த்து வைத்திருந்த தாச்சியைப் பார்த்தாள். கடையின் தாச்சி. அதைத் தொடவில்லை. எண்ணெய் வாளிக்குப் பக்கத்துக் கொழுவியில் தொங்கிய தன்னுடைய ஜக்கெட்டை மட்டும் எடுத்துப் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

“எங்கை போறாய்?”

“நகரசபைக்கு. தொழில் பதியிற கந்தோர் வெள்ளிக்கிழமை மத்தியானத்தோட பூட்டிப்போடுவாங்கள்.”

சிறீதரன் நிமிர்ந்தார். “என்ன தொழில்?”

“தூள்.”

அவர் சிரித்தார். இந்த முறை உண்மையாகவே சிரிப்பு வந்திருந்தது. “ஆர் வறுக்கிறது? நீயோ? ஆய்வுகூடத்திலயோ? கொம்மா வரமாட்டா, கேட்டனியெல்லே. பேரென்ன வைக்கப் போறாய்?”

“நீங்கள் போடமாட்டன் எண்ட பேர்தான்.”

“எங்கட சனம் ஒண்டும் உன்னட்ட வாங்காது. நான் சொன்னால் வாங்காது.”

“வாங்காட்டிப் போகட்டும். வியட்நாம்காரரின்ரை கடையில ஒரு தட்டுக் கேட்கிறன்.”

அம்மா அவளுடைய கையைப் பிடித்தாள். இறுக்கமாக, நோகும்படி. “நான் உனக்கு வறுத்துத் தரமாட்டன் பிள்ளை. சொல்லிப் போட்டன்.”

“தெரியும்.”

“உனக்குப் பதம் தெரியாது. கருக்கிப் போடுவாய்.”

“கருக்குவன். கருகினதை நானே கொட்டுவன்.”

அம்மாவின் பிடி தளரவில்லை. கிருசாந்திதான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாள். தூளைத் தானே போடுவதென்று இன்று காலையில் ரயிலில் வரும்போதே அவள் முடிவு எடுத்துவிட்டாள். அம்மாவின் பேரைப் போடச் சிறீதரன் ஓமென்று சொன்னால் மட்டும் மாற்றுவதாக இருந்தாள். அவர் ஓமென்று சொல்லியிருந்தாலும் மாற்றியிருப்பாளா என்பது இப்போது அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

போகிற வழியில் தட்டிலிருந்த சிவப்புப் பைக்கற்றுகளைத் தொடாமல் கடந்தாள். ‘எங்கட காசு எங்கட கடையில’ மட்டைக்குக் கீழே சிறீதரன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா பின்னால் வருகிறாளா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. துடைப்பத்தை மறுபடி வாளிக்குள் தோய்க்கிற சத்தம் கேட்டது. கதவைத் தள்ளினாள், மணி அடித்தது. வெளியே கொடி கட்டிய காரொன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போக, அது போகும்வரை நின்று, தெருவைக் கடந்து நகரசபைப் பக்கமாக நடந்தாள்.